ஷேக்கர் ஹைட்ஸுக்குக் குடிவருகிறீர்களா? முதலில் ரேபிட்டில் ஏறுங்கள்

ஒஹாயோவின் கிளீவ்லாந்தில் வேலை உறுதியானதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி வீடு எங்கே பார்க்கலாம் என்பதுதான். மருத்துவமனையில் ரெசிடென்சி செய்ய வருகிறவர், கேஸ் வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு செய்ய வருகிறவர், ஐடி வேலைக்கு வருகிறவர் என்று யார் கேட்டாலும் பதிலில் ஷேக்கர் ஹைட்ஸ் என்ற பெயர் ஒரு தடவையாவது வந்துவிடும். மரம் அடர்ந்த தெரு, நல்ல பள்ளிக்கூடம், நடந்து போகும் தூரத்தில் ரயில். எல்லாம் உண்மைதான். ஆனால் இது தானாக வளர்ந்த ஊர் இல்லை. அண்ணன் தம்பி இரண்டு பேர் உட்கார்ந்து, இங்கே ரயில், இங்கே பள்ளி, இங்கே பெரிய பணக்காரர், இங்கே கொஞ்சம் வசதி குறைந்தவர் என்று கோடு போட்டுக் கட்டிய ஊர், அந்தக் கோடு நூறு வருடம் கழித்தும் உங்கள் வாடகை, வரி, பிள்ளையின் பள்ளி எல்லாவற்றுக்கும் குறுக்கே வந்து நிற்கும். அதனால் நான் சொல்லும் வரிசை கொஞ்சம் விசித்திரமாக இருக்கலாம்: முதலில் ஊரைப் பாருங்கள், அப்புறம் வீட்டைப் பாருங்கள்.

முதல் வேலை: முகவரியை நம்பாதீர்கள்

ஷேக்கர் ஹைட்ஸ் கிளீவ்லாந்துக்குக் கிழக்கே ஒட்டியபடி இருக்கும் தனி நகராட்சி. பரப்பளவு 6 சதுர மைலுக்குக் கொஞ்சம் மேல், 2020 கணக்கெடுப்பின்படி 29,000க்குச் சற்று அதிகமான மக்கள். நம் ஊர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி அளவு. அமெரிக்காவில் இந்த அளவு ஊருக்கே தனி மேயர், தனி போலீஸ், தனி தீயணைப்பு, தனிப் பள்ளி மாவட்டம், தனி வரி எல்லாம் உண்டு என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், கிளீவ்லாந்தைச் சுற்றி இப்படி டஜன் கணக்கில் ஊர்கள் இருக்கின்றன. தெருவைக் கடந்தால் ஊர் மாறிவிடும், பலகைகூட இருக்காது.

வாடகை விளம்பரத்தில் "ஷேக்கர்" என்று போட்டிருந்தால் அதற்கு நான்கு அர்த்தம் இருக்கலாம். 44120 என்ற அஞ்சல் எண் ஷேக்கர் ஹைட்ஸுக்கும் உண்டு, கிளீவ்லாந்துக்கும் உண்டு. 44122 பக்கத்து ஊரான பீச்வுட்டுக்கும் சேர்த்துத்தான். ஷேக்கர் ஸ்கொயர் என்ற அழகான எண்கோணச் சதுக்கம் இருக்கிறதே, அது பெயரில் ஷேக்கர், ஊரில் கிளீவ்லாந்து. இன்னொரு சிக்கலும் இருக்கிறது: அந்தச் சதுக்கத்தைச் சுற்றியுள்ள கிளீவ்லாந்துப் பகுதியில் கொஞ்சம், நகராட்சி கிளீவ்லாந்தாகவும் பள்ளி ஷேக்கர் ஹைட்ஸாகவும் இருக்கிறது. பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இது லாபமாகக்கூட அமையலாம். ஆனால் ஏஜென்ட் வாயால் சொன்னதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் கயஹோகா கவுண்டியின் (இந்த ஊர்கள் எல்லாம் அடங்கிய மாவட்டம்) சொத்துத் தேடல் தளத்தில் அந்தக் கதவு எண்ணைப் போட்டால் எந்த நகராட்சி, எந்தப் பள்ளி மாவட்டம் என்று இரண்டும் வந்துவிடும், ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது: ரேபிட்டில் ஏறி ஊரை ஒரு சுற்று பாருங்கள்

இங்கே ரயிலுக்கு ரேபிட் என்றுதான் பெயர். விமான நிலையத்திலிருந்து சிவப்பு வழித்தடம் நகரின் நடுவே உள்ள டவர் சிட்டிக்கு வரும், அங்கே இறங்கி நீலமோ பச்சையோ பிடித்தால் ஷேக்கர். இரண்டும் ஷேக்கர் ஸ்கொயர் வரை ஒரே பாதையில் போகும், அங்கே பிரியும். பச்சை வண்டி ஷேக்கர் பொலிவார்டின் நடுப்பட்டை வழியாகக் கிரீன் ரோட் வரை, நீல வண்டி வான் ஏக்கன் பொலிவார்டு வழியாக வாரன்ஸ்வில் வரை. முகப்பில் எழுதியிருக்கும் நிறத்தைப் பார்க்காமல் ஏறினால், நான் முதல் வாரம் செய்ததுபோல, கையில் மளிகைப் பையோடு தவறான முனையில் இறங்கிப் பனியில் நடக்க வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டவர் சிட்டியில் ஏறி ஒரு முனை வரை போய், திரும்பி ஷேக்கர் ஸ்கொயரில் இறங்கி, மற்ற வண்டியில் அடுத்த முனைக்கும் போய்வாருங்கள். இந்த ஊரின் கதை முழுக்க அந்தத் தண்டவாளத்தில்தான் இருக்கிறது.

கதை இதுதான். 1822ல் இந்த மேட்டில் ஷேக்கர்கள் என்ற கிறித்தவச் சமயக் குழுவினர் குடியேறினார்கள். வழிபாட்டில் உடல் நடுங்க ஆடுவதால் அந்தப் பெயர். ஆன் லீ என்ற பெண் 1774ல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த இயக்கம். பொதுச் சொத்து, கடும் உழைப்பு, ஆணும் பெண்ணும் சமம், ஆனால் கல்யாணம் கிடையாது, குழந்தையும் கிடையாது. நார்த் யூனியன் என்று அவர்கள் குடியிருப்புக்குப் பெயர், 1850 வாக்கில் 300 பேர் அளவில் இருந்தார்கள். வெளியிலிருந்து ஆள் சேர்ந்தால்தான் உண்டு என்ற நிலையில் ஒரு ஊர் எத்தனை காலம் ஓடும்? 1889ல் மிச்சமிருந்த சில முதியவர்கள் வேறு ஷேக்கர் குடியிருப்புகளுக்குப் போய்ச் சேர்ந்தார்கள், நிலம் விற்பனைக்கு வந்தது.

அப்புறம் வந்தவர்கள்தான் நான் சொன்ன அண்ணன் தம்பி, ஓரிஸ் வான் ஸ்வெரிங்கனும் மேன்டிஸ் வான் ஸ்வெரிங்கனும். ஏழை வீட்டுப் பையன்கள், பெரிய படிப்பு இல்லை, இரண்டு பேரும் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பெரிய மாளிகை கட்டிய பிறகும் ஒரே அறையில் இரண்டு கட்டில் போட்டுத் தூங்கினார்கள். (ஷேக்கர் நிலத்தின் ராசியோ என்னவோ.) 1905லிருந்து இந்த நிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி லேஅவுட் போட ஆரம்பித்தார்கள். அப்போது கிளீவ்லாந்து எஃகு ஆலைப் புகையில் மூழ்கிக்கொண்டிருந்த நகரம், புகைக்கு மேலே, மேட்டில், மரத்தடியில் வீடு என்றால் பணக்காரர் வருவார் என்று கணக்கு. கணக்கு சரி, ஆனால் காலையில் அலுவலகம் போக வழி வேண்டுமே. டிராம் வண்டி ஆமை வேகத்தில் போகும். நேராக நகரத்தின் நடுவுக்கு ரயில் விட நிலம் வேண்டும், அந்த நிலம் நிக்கல் பிளேட் என்ற ரயில் கம்பெனியின் கையில் இருந்தது. அண்ணனும் தம்பியும் என்ன செய்தார்கள் தெரியுமா? சில மைல் வழிக்காக, பஃபலோவிலிருந்து சிகாகோ வரை ஓடும் அந்த ரயில் கம்பெனியையே 1916ல் 85 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டார்கள், அதிலும் பெரும்பகுதி கடன். மாட்டுக்கு லாடம் வேண்டும் என்று கொல்லன் பட்டறையையே வாங்கிய கதை.

1920ல் ரேபிட் ஓட ஆரம்பித்தது. அந்த வருடம் ஊரில் இருந்தவர்கள் 1,600 பேர் அளவில், பத்து வருடத்தில் 17,000ஐத் தாண்டிவிட்டது. 1930ல் ரயில் போய்ச் சேரும் இடத்தில் 52 மாடி டெர்மினல் டவரையும் திறந்தார்கள், நியூயார்க்குக்கு வெளியே உலகத்திலேயே உயரமான கட்டடம் என்ற பெயர் அதற்கு இருபது வருடத்துக்கு மேல் இருந்தது. டவர் சிட்டி நிலையம் அதன் அடியில்தான் இருக்கிறது. ஷேக்கர் ஹைட்ஸ் 1912ல் கிராமமாகி, 1931ல் நகரமானபோது, உருவாக்கியவர்கள் பொருளாதாரப் பெருமந்தத்தில் மூழ்கிக்கொண்டிருந்தார்கள். கடன்மேல் கடனாக அடுக்கிய ரயில் சாம்ராஜ்யம் சரிந்தது, தம்பி 1935 கடைசியில் போனார், அண்ணன் அடுத்த வருடமே ரயில் பயணத்தில் இறந்தார்.

ஒரு நடைமுறைக் குறிப்பு: இவ்வளவு சிறப்பான ரயில் உங்கள் வேலையிடத்துக்குப் போகாமல் இருக்கலாம். நீலமும் பச்சையும் நகரின் நடுவுக்குத்தான் நேராகப் போகும். பெரிய மருத்துவமனைகளும் கேஸ் வெஸ்டர்னும் இருக்கிற யூனிவர்சிட்டி சர்க்கிள் பக்கம் போக, கிழக்கு 55வது தெரு நிலையத்தில் இறங்கிச் சிவப்பு வண்டிக்கு மாறி, வந்த திசையிலேயே மறுபடி கிழக்கே போக வேண்டும். வரைபடத்தில் பக்கம், ரயிலில் சுற்று. காரில் பெரும்பாலும் கால் மணி நேரம். இரவு ஷிஃப்ட் உள்ளவர்கள் இதை யோசித்துவிட்டு வாடகை பேசுங்கள். நகரின் நடுவே அலுவலகம் என்றால் கார் ஒன்று போதும், இரண்டாவது கார் வாங்க அவசரப்பட வேண்டாம்.

மூன்றாவது: வீடு பார்க்கும்போது

ஊரைச் சுற்றி வந்தபோதே ஒன்று கவனித்திருப்பீர்கள், எந்த இரண்டு வீடும் ஒன்றுபோல இல்லை, ஆனாலும் எல்லாம் ஒரே குடும்பச் சாயல். அது தற்செயல் இல்லை. மனை வாங்கியவர் எந்தப் பாணியில் கட்டலாம், தெருவிலிருந்து எத்தனை அடி தள்ளிக் கட்ட வேண்டும், எவ்வளவு செலவுக்குக் குறையக் கூடாது என்று எல்லாமே விற்பனைப் பத்திரத்தில் ஷரத்தாக இருந்தது. ஆங்கிலேய, பிரெஞ்சு, காலனியப் பாணிகள் மட்டும். வரைபடத்துக்குக் கம்பெனியின் ஒப்புதல் வேண்டும்.

புதிதாக வருகிறவர்களில் பலருக்கு வாய்ப்பது இரட்டை வீடு. மேலே ஒரு குடும்பம், கீழே ஒரு குடும்பம். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பங்களாபோலத் தெரியும், அப்படித் தெரிய வேண்டும் என்றே கட்டினார்கள், வாடகைக்காரர் இருக்கும் தெரு என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாதாம். வின்ஸ்லோ ரோட்டில் போய்ப் பாருங்கள், இரு பக்கமும் இப்படிப்பட்ட வீடுகள்தான், இப்போது அது வரலாற்றுச் சிறப்புள்ள தெருவாகப் பதிவாகியிருக்கிறது. மேல் வீடு எடுத்தால் பெரும்பாலும் மூன்றாவது தளமும் சேர்ந்து வரும், அம்மா அப்பா ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்க வசதி, ஆனால் படி அதிகம், முழங்கால் வலிக்காரர்களை நினைத்துப் பார்த்து முடிவெடுங்கள். கீழ் வீடு என்றால் மேலே குழந்தை ஓடும் சத்தம், பழைய மரத்தரை, ஒவ்வொரு அடியும் கேட்கும்.

கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். முதலில் நகராட்சி கொடுக்கும் குடியிருப்புச் சான்றிதழ். இங்கே வீட்டை வாடகைக்கு விட உரிமையாளருக்கு அது வேண்டும், அதற்கு நகராட்சி ஆட்கள் வந்து சோதனை போடுவார்கள். வீட்டை விற்கும்போதும் அப்படித்தான், விற்பனைக்கு முன் சோதனை, குறையிருந்தால் சரிசெய்யப் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் இதைப் பற்றி மூக்கால் அழுவார்கள், வாடகைக்கு வருகிற நமக்கோ இது பெரிய பாதுகாப்பு. சான்றிதழ் காட்டத் தயங்குகிற வீட்டை விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஈயம். இந்த ஊரின் வீடுகளில் மிகப் பெரும்பகுதி 1978க்கு முன் கட்டியவை, அந்த வருடம்தான் வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை அமெரிக்கா தடை செய்தது. அதற்கு முந்தைய வீடு என்றால் ஈயப் பெயின்ட் பற்றித் தெரிந்ததை உரிமையாளர் எழுத்தில் தர வேண்டும், சட்டம். நடக்கப் பழகும் குழந்தை இருந்தால் ஜன்னல் சட்டங்களைப் பாருங்கள், பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருந்தால் அந்த வீடு வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். குழந்தை மருத்துவரிடம் ரத்தத்தில் ஈய அளவு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மூன்றாவது, சூடேற்றும் செலவு யாருடையது. பழைய வீடுகளில் கொதிகலனும் ரேடியேட்டரும்தான், இதமான சூடு, ஆனால் ஜன்னல் வழியாகக் காற்று நுழைந்தால் ஜனவரி மாத எரிவாயுக் கட்டணம் வாடகைக்குத் தங்கைபோல வந்து நிற்கும். போன குளிர்காலத்து ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். மைய ஏசி எல்லா வீட்டிலும் இருக்காது, கோடையில் ஜன்னல் ஏசி போட வேண்டியிருக்கலாம். அடித்தளத்தில் இறங்கி மோந்து பாருங்கள், ஈர வாடை வந்தால் பெருமழைக்குத் தண்ணீர் ஏறும் வீடு.

நான்காவது: வரி, அதாவது ரீட்டா

ரீட்டா என்றதும் யாரோ பக்கத்து வீட்டுப் பெண் என்று நினைக்காதீர்கள். ஒஹாயோவில் மத்திய அரசு வரி, மாநில வரிக்கு மேல் நகராட்சியும் வருமான வரி வாங்கும், பல ஊர்களுக்காக அதை வசூலிக்கும் அமைப்பின் சுருக்கப் பெயர்தான் ரீட்டா. இந்தியாவிலிருந்து வருகிறவர்களோ கலிபோர்னியா, டெக்சாஸ் பக்கமிருந்து மாறி வருகிறவர்களோ யாருக்கும் இது முதலில் புரியாது.

எப்படி வேலை செய்கிறது என்றால், நீங்கள் கிளீவ்லாந்தில் வேலை செய்தால் கிளீவ்லாந்து 2.5 சதவீதம் எடுக்கும், அதைச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். ஷேக்கர் ஹைட்ஸில் குடியிருப்பதால் ஷேக்கருக்கு 2.25 சதவீதம். கிளீவ்லாந்தில் கட்டியதற்கு ஷேக்கர் முழுக்கக் கழிவு தருவதில்லை, கொஞ்சம்தான் தரும். கூட்டிப் பார்த்தால் சம்பளத்தில் 4 சதவீதம் அளவுக்கு ஊர் வரியாகவே போகும். 60,000 டாலர் சம்பளக்காரர் ஷேக்கருக்கு மட்டும் ஆயிரம் டாலர் அளவில் கட்ட வேண்டிவரும், அதை யாரும் மாதாமாதம் பிடிப்பதில்லை என்பதுதான் பிரச்சினை. அடுத்த ஏப்ரலில் மொத்தமாக வந்து விழும், அதுவரை தெரியாமல் இருந்தவர்களுக்கு அபராதமும் வட்டியும் சேர்ந்து.

அதனால் வேலையில் சேர்ந்த வாரமே சம்பளப் பிரிவில் கேளுங்கள்: குடியிருக்கும் ஊரின் வரியையும் சேர்த்துப் பிடிக்க முடியுமா என்று. முடியும் என்றால் கவலை விட்டது. முடியாது என்றால் ரீட்டாவில் பெயரைப் பதிந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை முன்கூட்டிக் கட்டிவிடுங்கள். பிடித்தம் சரியாக இருந்தாலும் வருட முடிவில் படிவம் கொடுத்தே ஆக வேண்டும், வரி பாக்கி இல்லை என்பதால் படிவம் வேண்டாம் என்று ஆகாது.

வீடு வாங்கும் யோசனை இருப்பவர்களுக்கு: சொத்து வரி ஒஹாயோவிலேயே மிக அதிகமான ஊர்களில் இதுவும் ஒன்று. வீட்டு விலை மலிவாக இருக்கிறதே என்று கடற்கரை நகரங்களிலிருந்து வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள், மாதத் தவணையோடு வரியையும் சேர்த்துப் பார்த்த பிறகு மூடிக்கொள்வார்கள். ஆலையோ பெரிய தொழிலோ இல்லாத ஊர், எல்லாம் வீடுகள்தான், பள்ளிக்கூடத்தை நடத்தும் பணம் வீட்டுக்காரரிடமிருந்துதானே வர வேண்டும். இதுவும் அந்த அண்ணன் தம்பி போட்ட திட்டத்தின் விளைவுதான், தொழிற்சாலை வேண்டவே வேண்டாம் என்றுதானே மேட்டுக்கு ஏறினார்கள்.

ஐந்தாவது: பக்கத்து வீட்டாரோடு பேசுமுன் தெரிந்திருக்க வேண்டியது

விற்பனைப் பத்திரத்து ஷரத்துகள் பற்றிச் சொன்னேன், அதில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். 1920களின் நடுவில் புதிதாக ஒன்று சேர்ந்தது: வீட்டை வேறொருவருக்கு விற்க வேண்டுமானால் கம்பெனியோ அக்கம்பக்கத்தாரோ சம்மதிக்க வேண்டும். படிக்கும்போது சாதுவாகத் தெரியும். நடைமுறையில் கறுப்பினத்தவர், யூதர், கத்தோலிக்கர் உள்ளே வராமல் தடுக்கும் பூட்டு அது. பத்திரத்தில் இனத்தின் பெயர் எழுதாமலே வேலையை முடித்துவிட்டார்கள். நம் ஊரில் "சைவர்களுக்கு மட்டும்" என்று பலகை மாட்டி யாரை விலக்குகிறார்கள் என்று நமக்குத் தெரியும், அதனால் இதைப் புரிந்துகொள்ள நமக்குச் சிரமமே இருக்கக் கூடாது.

இனத்தை வைத்துத் தடுக்கும் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று 1948ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதன் பிறகு கிளீவ்லாந்தை ஒட்டிய லட்லோ பகுதியில் கறுப்பினக் குடும்பங்கள் வீடு வாங்க ஆரம்பித்தன. 1956 ஜனவரியில், அங்கே ஜான் பெக் என்ற கறுப்பின வழக்கறிஞர் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் குண்டு வெடித்தது. அமெரிக்காவின் பல ஊர்களில் இப்படி ஒன்று நடந்தால் அடுத்த ஐந்து வருடத்தில் வெள்ளையர் எல்லோரும் விற்றுவிட்டு ஓடிவிடுவார்கள், தரகர்கள் பயமுறுத்தியே ஓட வைப்பார்கள். லட்லோவில் அக்கம்பக்கத்தார் ஒருவர் வீட்டில் ஒருவர் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள், 1957ல் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து லட்லோ குடியிருப்போர் சங்கம் அமைத்தார்கள். பகுதி கலந்தே இருக்க வேண்டும் என்று, வீடு காலியானால் வெள்ளையர் வாங்க வரும்படி அவர்களே ஆள் தேடினார்கள், கடன் கொடுத்து உதவினார்கள். பின்னால் நகராட்சியும் பள்ளி மாவட்டமும் இதையே கொள்கையாக எடுத்துக்கொண்டன, 1970ல் பெற்றோர் விருப்பத்தின்பேரில் பிள்ளைகளைப் பகுதி மாற்றிப் பள்ளிக்கு அனுப்பும் திட்டம் வந்தது.

இதை வைத்து ஊரே புண்ணியவான்கள் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1976ல் தெற்கு எல்லையில் கிளீவ்லாந்தின் கறுப்பினக் குடியிருப்புகளைப் பார்த்த சில தெருக்களில் போக்குவரத்தைக் குறைக்க என்று சொல்லித் தடுப்புகள் போட்டார்கள், அந்தப் பக்கத்து மக்கள் அதைச் சுவர் என்றுதான் பார்த்தார்கள். கலந்து வாழ்வதற்கென்று கொடுத்த அந்தக் கடனும்கூட வெள்ளையர் வருவதற்கு அதிகம் உதவியது, கறுப்பினத்தவரை ஒரு அளவுக்குள் வைக்கப் பார்த்தது என்று விமர்சனம் உண்டு, அதில் நியாயமும் இருக்கிறது. இன்று ஊரில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கறுப்பினத்தவர். ஏஜென்ட் உங்களிடம் குரலைத் தாழ்த்தி "அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கம் பாருங்கள்" என்று சொன்னால், அது எந்தக் கோட்டின் மிச்சம் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். லட்லோ, மோர்லாண்ட், லோமண்ட் பக்கம் போய் நீங்களே நடந்து பார்த்து முடிவு செய்யுங்கள். என் கருத்தில் புதிதாக வருகிற சிறு குடும்பத்துக்கு லோமண்டைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம்: ரேபிட் பக்கம், வாடகை தாங்கக்கூடியது, தெருவில் பிள்ளைகள் விளையாடுவார்கள்.

பகுதிகளின் பெயர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தின் பெயர்கள். பொலிவார்டு, ஃபெர்ன்வே, லோமண்ட், லட்லோ, மால்வர்ன், மெர்சர், மோர்லாண்ட், ஒனவே, சசெக்ஸ் என்று ஒன்பது. பிள்ளை நடந்தே போக வேண்டும் என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு தொடக்கப் பள்ளி வைத்தார்கள். 1987ல் நான்கை மூடிவிட்டார்கள், பகுதிப் பெயர் மட்டும் நிற்கிறது. மோர்லாண்டின் பழைய பள்ளிக் கட்டடம்தான் இன்றைய பொது நூலகம். வந்த வாரமே அங்கே போய் அட்டை வாங்கிவிடுங்கள், இலவசம். இதே அட்டையில் கிளீவ்லாந்து நூலகம் உட்பட அந்தக் கூட்டமைப்பிலுள்ள மற்ற ஊர் நூல்களையும் வரவழைக்கலாம்.

ஆறாவது: ஏரிக்கரையில் ஒரு நடை

இது அவசர வேலை இல்லை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். டோன் ஓடையை ஷேக்கர்கள் ஆலை ஓட்டுவதற்காக 1826ல் மறித்தது கீழ் ஏரி, 1852ல் மறித்தது குதிரைலாட ஏரி. 1960களில் இந்த ஏரிகளின் மேலேயே பெரிய நெடுஞ்சாலை போடத் திட்டம் வந்தது. கவுண்டிப் பொறியாளர் ஆல்பர்ட் போர்ட்டர் ஏரியை ரெண்டணா வாத்துக் குளம் என்கிற மாதிரி பேசினார். அவர் வாயைக் கொடுத்தது தோட்டச் சங்கத்துப் பெண்களிடம். முப்பதுக்கு மேற்பட்ட சங்கங்கள் ஒன்று சேர்ந்து, சாலை போகவேண்டிய இடத்தில் 1966ல் இயற்கை மையம் ஒன்றை நிறுவிவிட்டார்கள். 1970ல் ஆளுநர் திட்டத்தைக் கைவிட்டார். சாலை வந்திருந்தால் இன்று நீங்கள் பார்க்கும் ஊரில் பாதி இருந்திருக்காது. கட்டி முடித்த துண்டு 490 என்ற எண்ணோடு கிழக்கு 55வது தெருவில் வந்து பல வருடம் மொட்டையாக நின்றது, 2021ல்தான் அதை யூனிவர்சிட்டி சர்க்கிள்வரை சாதாரணச் சாலையாக நீட்டினார்கள்.

இயற்கை மையத்தில் சதுப்பின் மேலே போட்ட மரப்பாலத்தில் நடக்கலாம், கட்டணம் இல்லை. குதிரைலாட ஏரியைத் தேடிப் போய்த் தண்ணீரைக் காணோமே என்று குழம்பாதீர்கள், அணை பழுதாகி நீரை வடித்துவிட்டார்கள், அணையை எடுத்து ஓடையாகவே விடுவதா மறுபடி ஏரியாக்குவதா என்று ஊரில் பெரிய சண்டையே நடந்தது. சவுத் பார்க் பொலிவார்டில் ஷேக்கர் வரலாற்றுச் சங்கத்தின் சிறு அருங்காட்சியகம் இருக்கிறது, ஷேக்கர்கள் செய்த நாற்காலியைப் பார்த்தால் அலங்காரமே இல்லாமல் ஒரு பொருள் எவ்வளவு அழகாக இருக்க முடியும் என்று தெரியும்.

ஏழாவது: முதல் இலையுதிர் காலமும் முதல் பனியும்

நடைபாதைக்கும் தெருவுக்கும் நடுவில் உள்ள புல்பட்டைக்கு இங்கே ட்ரீ லான் என்று பெயர். அக்டோபர், நவம்பரில் உதிரும் இலையை அங்கே குவித்து வைத்தால் நகராட்சி வண்டி உறிஞ்சிக்கொண்டு போகும். குப்பை எடுப்பதிலும் இந்த ஊர் தனி ரகம், பல காலமாக ஊழியர்கள் சின்ன வண்டியில் வீட்டுப் பின்புறம் வரை வந்தே எடுத்துப் போனார்கள், தெருமுனையில் தொட்டி தெரிவது அழகுக்குக் குறைச்சல் என்று. உங்கள் தெருவுக்கு இப்போது எந்த நாள், எந்த முறை என்று குடிவந்த அன்றே வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பனி விஷயத்தில் விமான நிலையத்து அளவை நம்ப வேண்டாம். ஈரி ஏரியிலிருந்து வரும் ஈரக் காற்று கிழக்கு மேட்டில் மோதி ஏறும்போது கொட்டுகிறது, மேற்கே சாலை காய்ந்து கிடக்கும், இங்கே முழங்கால் வரை இருக்கும். பனி பெய்கிற இரவில் காரைத் தெருவில் விடாதீர்கள், தெருப் பலகையில் இரவு நிறுத்தத் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள். இரட்டை வீட்டில் வண்டிப்பாதையில் பனி அள்ளுவது மேல் வீடா கீழ் வீடா என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள், முதல் பனியில் பேச ஆரம்பித்தால் அந்த வருடம் முழுக்க மூஞ்சியைப் பார்க்க முடியாது. மாலை நேரத்தில் மெதுவாக ஓட்டுங்கள், மான்கள் குடும்பத்தோடு தெருவைக் கடக்கும்.

கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் கிளீவ்லாந்தின் இன்னொரு புறநகரான பார்மாவில் சிவ விஷ்ணு ஆலயம் இருக்கிறது, கார் வேண்டும். கார் வேண்டாத விசேஷம் ஒன்று உண்டு. 1978லிருந்து வசந்தகாலத்தில், ஈஸ்டரை ஒட்டி, கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனை நடக்கிறது, சென்னையிலிருந்து பெரிய வித்வான்கள் எல்லாம் வந்து பாடுவார்கள். கச்சேரிகள் கிளீவ்லாந்து ஸ்டேட் பல்கலைக்கழகத்தில். வாசலில் நீலமோ பச்சையோ ஏறி டவர் சிட்டியில் இறங்குங்கள், யூக்ளிட் அவென்யூவில் ஹெல்த்லைன் பேருந்து பிடித்தால் சில நிமிடம், வெயில் இருந்தால் நடக்கலாம். கையில் ஒரு ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள், ஏப்ரலிலும் பனி விழும். திரும்பிவரக் கடைசி ரேபிட் எத்தனை மணிக்கு என்பதைப் போகும்போதே பார்த்துவிடுங்கள், தனி ஆவர்த்தனம் ரயில் நேரம் பார்த்து முடிவதில்லை.